படிவத்தில் ‘தமிழ்’ என்றே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பிய வாசகர் ஒருவர், பேரனைப் பள்ளியில் சேர்த்த அனுபவத்தைத் தங்கள் நாளிதழில் எழுதியிருந்ததைப் படித்தேன். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி ‘தமிழ்’ என்று எழுதிய ஒரே காரணத்துக்காகப் பேரனைத் தனியே அழைத்துத் தேர்வு வைத்து, ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கான வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று வருந்தியிருந்த அவர், இனிச் சேர்க்கப்போகும் நம்மவர்கள் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுவதே புத்திசாலித்தனம் என்று அறிவுரையும் சொல்லியிருந்தார். இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் வலம் வரும் அறிவுரைதான் அது. அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதே படிவத்தை நிரப்பிவிட்டு நானும் அப்படித்தான் புழுங்கினேன். அறிவுரையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் வசிக்கிறேன். என் மகள் நான்காம் வகுப்பிலும் மகன் முதல் வகுப்பிலும் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி, இங்கே ‘டைட்டில் ஒன்’ பள்ளி என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் செலவில் பெரும்பகுதியை மாநில அரசும் உள்ளூர்ச் சொத்து வரியுமே சுமக்கின்றன. அதற்கு மேல், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த வட்டாரங்களுக்கு வாஷிங்டனிலிருந்து ஆண்டுதோறும் பங்கிட்டுத் தரப்படும் சுமார் 1,800 கோடி டாலர் நிதிக்குத்தான் டைட்டில் ஒன் என்று பெயர். ஒரு பள்ளியின் பிள்ளைகளில் 40 விழுக்காட்டினராவது வறுமைக் கணக்கில் வந்தால், அந்தப் பணத்தைக் குறிப்பிட்ட சிலருக்கென்று பிரிக்காமல் பள்ளி முழுவதற்கும் செலவிடலாம். ஆகவே, தகப்பன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாலும், வாடகை குறைவு என்று அந்த வட்டாரத்தில் குடியிருந்தால் பிள்ளை டைட்டில் ஒன் பள்ளிக்குத்தான் போகும். நம்மவர்களில் பலர் இதை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். பெற்றோருக்கு எழுத்து வடிவில் சட்டம் தந்திருக்கும் உரிமைகள், வசதியான பேட்டைப் பள்ளிகளைக் காட்டிலும் இந்தப் பள்ளிகளில்தான் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆஸ்டினிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரோட்டினால் லிண்டன் ஜான்சனின் பண்ணைக்குப் போய்விடலாம்; அதன் அருகே, அவர் நான்கு வயதில் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் இன்றும் நிற்கிறது. 1965 ஏப்ரல் 11 அன்று, நாட்டின் தலைவராக இருந்த ஜான்சன், தமக்கு முதன்முதலில் பாடம் சொன்ன கேட் லோனி அம்மையாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டைட்டில் ஒன் நிதிக்கு வழிசெய்த தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் முன்னால்தான் கையெழுத்திட்டார். கல்லூரி மாணவராக இருந்த நாளில், 1928இல், மெக்சிகோ எல்லைப் பக்கமுள்ள கொடுல்லா என்ற ஊரில் ஸ்பானிய மொழி பேசும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். காலைச் சோறு இல்லாமல், ஆங்கிலமும் சரியாகத் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளின் நினைவு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், குழந்தை எந்த மொழியில் பேசுகிறது என்று அது கேட்பது நம்மைத் தரம் பிரிப்பதற்காக என்று எண்ணிவிடுகிறோம். அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்புகளில் வெறுமனே உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம் என்று தந்துவிட்டால் அது சமமாக நடத்தியதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1974 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு உதவி தேவையா என்று பள்ளி கண்டறிந்தே ஆக வேண்டும் என்ற கடமை அதிலிருந்து வளர்ந்தது. ‘ஆங்கிலம்’ என்று பொய்யாக எழுதும்போது, சீனப் பெற்றோர் நீதிமன்றம்வரை போய் வாங்கிய உதவியை, அது எப்படிப்பட்டது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் நம் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டு வகுப்புகளில் பொய் தெரியாது. டெக்சஸில் மூன்றாம் வகுப்பில் மாநிலத் தேர்வு தொடங்கும். அப்போது பத்தி பத்தியாக வாசித்துப் பொருள் சொல்ல வேண்டிவரும்போது தெரியும்.

அந்த வாசகர் சொல்லாத, அநேகமாக அவர் மகனும் கவனிக்காத ஒன்று உண்டு. டைட்டில் ஒன் நிதி பெறும் கல்வி மாவட்டம், அதாவது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, ஒரு பிள்ளையை ஆங்கில உதவி வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தால், கல்வியாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியாக வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்ந்த பிள்ளையென்றால் இரண்டு வாரத்துக்குள். பிள்ளையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், ஆங்கில அறிவு எந்த நிலையில் இருக்கிறது, அதை எப்படி அளந்தார்கள், எந்த முறையில் கற்பிக்கப் போகிறார்கள், என்ன செய்தால் இந்த வகுப்பிலிருந்து வெளியே வரலாம் என்பதையெல்லாம் அந்தக் கடிதம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்று மறுக்கவும், வேறு முறை இருந்தால் அதைக் கேட்கவும், சேர்த்த பிறகு உடனே விலக்கிக்கொள்ளவும் பெற்றோருக்கு உரிமை உண்டு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். மறுத்தாலும், பிள்ளை தேறும்வரை ஆண்டுக்கொரு முறை ஆங்கிலத் தேர்வு எழுதத்தான் வேண்டும். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதிவிட்டு, கடிதம் வந்ததும் படித்துப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம் என்றிருக்கும்போது பொய் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

என் மகள் விஷயத்தில் அந்தக் கடிதம், செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டுக்கு வரும் கோப்பில், பீட்ஸா விற்பனைத் துண்டறிக்கைக்கும் பேன் பற்றிய எச்சரிக்கைக்கும் நடுவில் இருந்தது. மறுத்துவிடுவது என்ற முடிவோடுதான் பள்ளிக்குப் போனேன். போன இடத்தில், ஒரு நாள் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேட்டேன். வகுப்பில் நடப்பதைப் பெற்றோர் வந்து பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருப்பதால் மறுக்கவில்லை. முழங்கால் மோவாயில் இடிக்கும் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பிள்ளைகள். ஆசிரியை ஒரு படத்தைக் காட்டி அறை இருட்டாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். என் மகள் முந்திக்கொண்டு ‘புட் த லைட்’ என்றாள். வீட்டில் ‘லைட்டைப் போடு’ என்று நாள் முழுக்கக் கேட்கிற பிள்ளை வேறென்ன சொல்லும்? ஆசிரியை சிரிக்கவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. சுவரிலிருந்த விசையைத் தட்டிக் காட்டி, ‘டர்ன் ஆன் த லைட்’ என்று ஐந்து பேரையும் சொல்ல வைத்தார். அடுத்து, பந்து பெட்டிக்குப் பின்னால் இருக்கிறதா, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிறதா என்பது. நிறங்களையும் விலங்குகளையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் என் மகளுக்கு, பின்னால், நடுவில், அதற்குள் என்ற சிறு சொற்கள் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாளுக்கு அரை மணி நேரம். இரண்டாவது ஆண்டின் முடிவில் தேறி வெளியே வந்துவிட்டாள். இதற்காக வீட்டில் தமிழை நிறுத்தவில்லை; நிறுத்துங்கள் என்று பள்ளியில் யாரும் சொல்லவும் இல்லை.

டெக்சஸில் இன்னொரு வசதியும் உண்டு. எந்தப் பிள்ளையை இந்த வகுப்பில் சேர்ப்பது, யாரை விடுவிப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குழு கூடித்தான் முடிவு செய்கிறது. அதில் இத்தகைய பிள்ளையின் பெற்றோர் ஒருவரும் உறுப்பினராக இருந்தாக வேண்டும், அவர் அந்தக் கல்வி மாவட்டத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. ஓர் ஆண்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பதால் உள்ளே பேசியதை எழுத மாட்டேன். அந்த இடத்துக்கு ஆள் தேடிப் பள்ளி எத்தனை பேரைக் கூப்பிட்டது, எத்தனை பேர் நேரமில்லை என்றார்கள் என்பதை மட்டும் கேட்டறிந்து வெட்கப்பட்டேன்.

நமக்குப் பழக்கமில்லை, அதுதான் காரணம். ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க’ என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்த அப்பாக்களின் பிள்ளைகள் நாம். ஆசிரியரின் தகுதி என்ன என்று கேட்பதை மரியாதைக் குறைவாகவே நினைக்கிறோம். டைட்டில் ஒன் பள்ளியிலோ, அப்படிக் கேட்கலாம் என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் கல்வி மாவட்டமே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்: தம் பிள்ளையின் ஆசிரியர் அந்த வகுப்புக்கும் பாடத்துக்கும் மாநிலம் விதித்த தகுதி பெற்றவரா, தற்காலிக அனுமதியில் பணியாற்றுகிறவரா, உதவியாளர் ஒருவர் கற்பிக்கிறார் என்றால் அவருடைய தகுதி என்ன என்பதெல்லாம் கேட்டால் சொல்லியாக வேண்டியவை. தகுதிச் சான்று இல்லாதவர் தொடர்ந்து நான்கு வாரம் பாடம் நடத்தினால், நாம் கேட்காமலே பள்ளி தகவல் அனுப்ப வேண்டும். சான்றிதழ் பெறாதவர்களை நிறையப் பணியமர்த்திவரும் டெக்சஸ் போன்ற மாநிலத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. என் மகளின் இரண்டாம் வகுப்பில் ஆசிரியை பேறுகால விடுப்பில் போனபின் ஏழு வாரம் மாற்றாள் ஒருவர் வந்தார்; தகவல் வரவில்லை. நான் மின்னஞ்சலில் கேட்ட மறுநாள் வந்தது, முந்தைய மாதத் தேதியிட்டு.

பள்ளி–பெற்றோர் உடன்படிக்கை என்று ஒரு தாள் ஆண்டுதோறும் வரும். மூன்று பத்திகள்: பள்ளி செய்ய வேண்டியவை, பெற்றோர் செய்ய வேண்டியவை, பிள்ளை செய்ய வேண்டியவை. என் மகன் அதில் மெழுகு வண்ணக்குச்சியால், ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டுக் கையெழுத்திட்டிருந்தான்; நானும் வழக்கம்போல் படிக்காமல்தான் கையெழுத்திட்டேன். அது பள்ளி எழுதி நம்மிடம் நீட்டும் தாளாக இருக்கக் கூடாது, பெற்றோரோடு சேர்ந்து எழுத வேண்டியது, தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் அதை வைத்துப் பேச வேண்டியது என்பதெல்லாம் பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தபோது தெரிந்தவை. இந்த உடன்படிக்கை வந்த கதையும் சுவையானது. 1974இல் நாடாளுமன்றம் டைட்டில் ஒன் பள்ளிகளில் பெற்றோர் ஆலோசனைக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. 1981இல், ரேகன் காலத்தில், அந்தக் கட்டாயம் நீங்கியது. 1994இல் திருத்தம் வந்தபோது குழுவுக்குப் பதிலாக உடன்படிக்கை வந்தது. கூடவே, 5 லட்சம் டாலருக்கு மேல் நிதி பெறும் கல்வி மாவட்டம் அதில் குறைந்தது 1 விழுக்காட்டைப் பெற்றோர் பங்கேற்புக்கென ஒதுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. குழுவைப் பறித்துக்கொண்டு கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள் என்றே எனக்குத் தோன்றும். என்றாலும் அந்த 1 விழுக்காட்டை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்வதில் பெற்றோருக்குப் பங்கு உண்டு என்பது சட்டம். 2015இல் ஒபாமா கையெழுத்திட்ட திருத்தத்தில் ‘பெற்றோர் பங்கேற்பு’ என்பது ‘பெற்றோர், குடும்பப் பங்கேற்பு’ என்று மாறியது. பள்ளி வாசலில் பேரனுக்காகக் காத்து நிற்கும் தாத்தா பாட்டிகளுக்கும் அதில் இடம் உண்டு என்பதை உங்கள் வாசகருக்குச் சொல்லிவைக்கிறேன்.

நம்மவர்களோ பங்கேற்பு என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பன்னாட்டு விழா என்றால் எங்களைத் தேடிவந்து சமோசா கேட்பார்கள். நாங்களும் மனம் குளிர்ந்து இருநூறு பொரித்துக் கொடுப்போம். அதில் தவறில்லை. ஆனால் டைட்டில் ஒன் பணம் எதற்குப் போகிறது என்று பேசும் ஆண்டுக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு உணவுக்கூடத்தில் நடந்தபோது, என்னையும் சேர்த்து ஆறு பேர் இருந்தோம். தலைமை ஆசிரியர் திரையில் ஓடியதை வரிக்கு வரி வாசித்தார், பதினைந்து நிமிடத்தில் முடிந்தது, எல்லாரும் வருகைத் தாளில் கையெழுத்திட்டோம். அந்தத் தாள்தான் கூட்டத்தின் நோக்கம் என்று எனக்குப் பட்டது. கூட்டங்களைக் காலையிலோ மாலையிலோ பெற்றோருக்கு வசதியான நேரங்களில் வைக்க வேண்டும், வண்டிச் செலவுக்கும் குழந்தை பார்த்துக்கொள்வதற்கும் இதே நிதியைப் பயன்படுத்தலாம் என்பது அதே சட்டத்தின் அதே பிரிவில் இருக்கிறது. நாங்கள் ஐந்து தாய்மார், அவர்களில் இருவர் ஸ்பானிய மொழியினர், ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு கூட்டம் மாலை ஆறரைக்கு நடந்தது. சிறு பிள்ளைகளை நூலகத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டார். உணவுக்கூடத்தில் நாற்காலி போதவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோருக்குத் தரும் தகவல், இயன்றவரை அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்குள் எத்தனையோ பள்ளிகள் ஒளிந்துகொள்கின்றன. எங்கள் குடியிருப்பில் ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒரு தமிழ்த் தாய், மகனைப் பற்றிப் பேச ஆசிரியை அழைத்தபோது, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போனார். அவருக்குத் துணையாகத்தான் நானும் போயிருந்தேன். பையன் பக்கத்துப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான், எழுத்துகளைக் கோத்து வாசிக்கச் சிரமப்படுகிறான், சிறப்புக் கல்வி தேவையா என்று சோதிக்க உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஆசிரியை நீளமாகச் சொல்லி முடித்ததும், அந்தச் சிறுமி தாயைப் பார்த்து, ‘ஒண்ணுமில்லம்மா, தம்பி நல்லாத்தான் படிக்கிறானாம், கொஞ்சம் சேட்டை’ என்றாள். தம்பியைக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு நினைப்பு. தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைக்க முடியுமா என்று நான் கேட்டேன். முடியும் என்றார்கள், பத்து நிமிடத்தில் ஒருவர் இணைப்பில் வந்தார். அதுவரை யாரும் கேட்டதே இல்லையாம். 2025 மார்ச்சில் ஆங்கிலமே நாட்டின் அதிகார மொழி என்று அதிபர் டிரம்ப் ஆணையிட்டதையும், மொழியுதவி பற்றி 2000இல் கிளிண்டன் பிறப்பித்த ஆணையை அதிலேயே நீக்கியதையும் காரணம் காட்டி இனி இதெல்லாம் கிடையாது என்று சிலர் பேசுகிறார்கள். அந்த ஆணைகள் அதிபர்கள் போட்டவை. நான் மேலே சொன்னவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருப்பவை, அந்த ஆணையால் அவை நீங்கிவிடவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த உரிமைகளை மீறினார்கள் என்று பள்ளியின் மீது தனிமனிதர் வழக்குப் போட்டு வெல்வது அரிது. நியூவார்க் நகரப் பெற்றோர் சங்கம், தகவல் தர வேண்டிய கடமையைக் கல்வி மாவட்டம் நிறைவேற்றவில்லை என்று தொடர்ந்த வழக்கை, அப்படி வழக்காடும் உரிமையை இந்தச் சட்டம் தனிநபருக்குத் தரவில்லை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தள்ளிவிட்டது. அண்மைக் காலத்தில் ‘பெற்றோர் உரிமை’ என்ற முழக்கம் இங்கே பெரிதாக ஒலிக்கிறது. தங்கள் மதநம்பிக்கைக்கு ஒவ்வாத கதைப்புத்தகங்கள் வாசிக்கப்படும் வேளையில் பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ள மேரிலாந்துப் பெற்றோருக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் வழிவிட்டதும் செய்தியாயிற்று. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பிள்ளையை வெளியே எடுக்கும் உரிமைக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்கு, உள்ளே போய் உட்காரும் உரிமைக்குக் கிடைத்தால் போதும் என்று மட்டும் ஆசைப்படுகிறேன்.

வழக்குப் போட முடியாது என்றாலும் எழுத முடியும். டைட்டில் ஒன் பணத்துக்குப் பள்ளி போடும் ஆண்டுத் திட்டம் பெற்றோருக்கு நிறைவாக இல்லையென்றால், அவர்கள் எழுதித் தரும் கருத்துகளைத் திட்டத்தோடு இணைத்தே கல்வி மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதிதான். வாசிப்பு உதவியாளர் பணியிடத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஒரு கணினி மென்பொருள் வாங்கும் திட்டம் சென்ற ஆண்டு வந்தபோது, பதினோரு பெற்றோர் சேர்ந்து எதிர்ப்பை எழுதிக் கொடுத்தோம். மென்பொருளை வாங்கிவிட்டார்கள். எங்கள் கடிதம் திட்டத்தின் பின்னிணைப்பாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன், இருந்தது. இந்த மே மாதம் அடுத்த ஆண்டுக்கான திட்டம் வரும்போது மறுபடி எழுதுவோம்.

உங்கள் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். மகனிடம் தொலைபேசியில் பேசும்போது, பேரனின் பையில் அந்த 30 நாள் கடிதம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் பள்ளியில் நகல் கேட்கச் சொல்லுங்கள். மறுப்பதானால், வகுப்பை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஆஸ்டின் அருகிலிருந்து, டெக்சஸ்.